கர்சர் எங்கே நிற்கிறது

இன்று இங்கே ஆயுத பூஜை. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தின் வாசனை அக்கவுண்ட்ஸ் அறைக்குள் நுழைந்ததுமே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி தட்டும் கையுமாக மேஜை மேஜையாக வந்துகொண்டிருந்தாள். மானிட்டருக்கு ஒரு பொட்டு, சி.பி.யு.வுக்கு ஒரு பொட்டு, பிரிண்டர் தலையில் ஒரு பொட்டு. அவள் விரல் கீபோர்டு பக்கம் இறங்கியதைப் பார்த்ததும், "ஏய், அதுல வைக்காதே!" என்று கத்திவிட்டேன்.

அறையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பயந்துபோய்த் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "சாமி காரியம் மேடம்" என்றாள், அழாத குறையாக. நான் கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கற்பூரம் காட்டி முடிக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். காரணத்தைச் சொல்லலாம் என்றால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீதான். அதனால் பொரியும் சுண்டலும் ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருக்க, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இப்போது ஒரகடத்தில் இருக்கிறேன் என்பதே உனக்குத் தெரியாது. நீ இருந்தபோது ஒரகடம் என்றால் பஸ் கொஞ்ச நேரம் நிற்கிற ஒரு நாற்சந்தி. இப்போது சாலையின் இரண்டு பக்கமும் வேலி போட்டுப் போர்டு நட்டுவிட்டார்கள். எங்கள் ஃபேக்டரி ஷெட்டுக்கு இன்னும் சுவர்கூட முழுதாக எழும்பவில்லை, அதற்குள் கணக்கு எழுத ஆள் வேண்டியிருக்கிறது. நானும் வந்துவிட்டேன். பழைய கம்பெனியில் உன் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான் காரணம்.

நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உடம்பு நாற்காலியில் இருக்கும், வலது கால் மட்டும் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். இருவர் மேஜையும் ஒட்டிப் போட்டிருந்ததால் என் மானிட்டரும் கூடவே ஆடும். "ஏட்டி, காலை நிறுத்து. எனக்குத் தலை சுத்துது" என்பேன். "கால் ஆடலன்னா கை ஓடாதுடி" என்பாய். வள்ளியூரிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் வாடகை அறையில் கிடந்தவளுக்கு, அந்த ஆட்டம் பழகப் பல நாள் ஆனது. என் பேச்சு பழக உனக்கு அதைவிட அதிக நாள் ஆனது. 'அவர் வந்தார்' என்பதை நான் எங்கள் ஊர்ப் பேச்சில் "அவிய வந்தாவ" என்று சொன்னால் போதும், டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டி, "இந்தா, இதுலயும் கொஞ்சம் அவியல் போடு" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். சிரிக்கக்கூட நிற்க மாட்டாய்.

நீ பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் ஸ்ரீபெரும்புதூர் வந்து, அங்கே கம்பெனி வேன் ஏறுகிறவள். உன் அம்மாவுக்குச் சீதனமாக வந்த இருங்காட்டுக்கோட்டை நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அதைச் சொல்லித்தான் உனக்கு அங்கே எழும்பிய நம் கம்பெனியில் வேலை கிடைத்தது. நீயும் என்னைப் போலவே பி.காம். படித்தவள் என்பது அந்த ஆபீசில் ஒருவருக்கும் நினைவிருந்ததில்லை. நீ "நிலம் குடுத்த வீட்டுப் பொண்ணு", அதோடு சரி. அதை எண்ணி நான்தான் கொதிப்பேன். நீ தோளைக் குலுக்கிவிட்டுப் போவாய். "கொடுத்தது நெசந்தானே. அதோ அந்தப் பாத்ரூம் கீது பாரு, அங்கதான் எங்க மாமா மோட்டார் கொட்டா" என்று யாரோ வந்துபோகும் இடத்தைக் காட்டுவாய்.

நம் கம்பெனி என்ன செய்தது என்றும் இந்த இடத்தில் எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியும்தான், ஆனால் எனக்கு வரிசையாக நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கார் கதவோரம் ஒட்டுகிற ரப்பர் செய்தோம். அந்த ரப்பர் வாசனை ஞாயிற்றுக்கிழமைகூடத் தலைமுடியை விட்டுப் போகாது. கார் கம்பெனிக்காரர்கள் சரக்கைச் சேர்த்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். நம் லாரி போய்ச் சேரச் சேரத்தான் அங்கே கதவு மாட்டுவார்கள். லாரி தாமதமானால் அவர்கள் லைன் நிற்கும். லைன் ஒருமுறை நின்றால், அதற்குக் காரணமானவரை நம் ஆபீசில் யாரும் சும்மா விட மாட்டார்கள்.

கணக்கு மென்பொருள், சென்னையில் யாரோ ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நிரப்ப வேண்டிய கட்டங்களை நீ பெட்டி என்பாய். பெயர்ப் பெட்டி, தேதிப் பெட்டி, எண்ணிக்கைப் பெட்டி. ஏதாவது பெட்டியில் அதற்குப் பிடிக்காதது விழுந்தால் 'இன்வேலிட் ஃபீல்டு' என்று காட்டி நின்றுவிடும். நானாக இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பேன். நீ அதனோடு சண்டைக்குப் போவாய். "யார்ரா இன்வேலிடு? நானா, நீயா?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கர்சரை இறக்கிப் பார்ப்பாய். சென்னைக்காரருக்குப் போன் போட்டு, ஏன் இப்படி, ஏன் அப்படி என்று குடைவாய். போகப் போக உன் குரல் கேட்டாலே அவர் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

நீ பழி சுமந்த அந்த வருடத்து ஆயுத பூஜையை நினைத்துப் பார்க்கிறேன். நம் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வரதன் சார்தான் எப்போதும் பூஜைக்குப் பொறுப்பு. வேட்டி கட்டி, ஈரத் தலையோடு வந்து, சந்தனத்தை வேறு யாரையும் தொடவிட மாட்டார். பிரஸ் மெஷினிலிருந்து பஞ்சிங் கடிகாரம் வரைக்கும் அவர் கைதான் வைக்கும். பக்தி அதிகம், அதனால் சந்தனமும் அதிகம். உன் கீபோர்டின் நீளமான ஸ்பேஸ் கட்டையில் பெரிதாக ஒரு அப்பு அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். "லட்சுமி உட்காருற இடம்மா" என்று உன்னிடம் சொன்னார். நீ பவ்யமாகக் கும்பிட்டுக்கொண்டாய். பிறகு விடுமுறை வந்தது.

விடுமுறை முடிந்த அன்று காலையில் நீ வழக்கம்போலத் தயாரான சரக்கையெல்லாம் கணக்கில் ஏற்றினாய். பட்டியலில் உள்ள பெயரை அடித்தால் எண்ணிக்கை அதோடு சேரும், இல்லாத பெயரென்றால் புதுச் சரக்காகப் பதிந்துகொள்ளும். இன்வாய்ஸ் போடுவது என் வேலை. மத்தியானம் லாரிக்கு இன்வாய்ஸ் போட உட்கார்ந்தேன். முன்பக்க இடது கதவின் ரப்பருக்கு 'ஃபிரண்ட் லெஃப்ட்' என்று அடித்ததும், ஸ்டாக் இல்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி அடித்தேன், மறுபடியும் இல்லை என்றது. டிஸ்பாட்ச் குமார் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"யக்கா, இன்வாய்ஸ் எங்க? லாரி லோடாயி நின்னுகினு கீது. அங்க லைன்ல ரப்பர் தீரப் போவுதாம், போன் மேல போன் அடிக்கிறான்."

"ஸ்டாக் 'நில்'லுன்னு, ஒண்ணுமே இல்லன்னு காட்டுது குமாரு."

"நில்லா? குடோன்ல காலு வெக்க எடம் இல்லக்கா!"

சரக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 'ஃபிரண்ட் லெஃப்ட்' இரண்டு முறை இருந்தது, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஓரெழுத்துக்கூட மாறாமல். மேலே இருந்ததில் ஒன்றும் இல்லை. கீழே இருந்ததில் காலையில் நீ ஏற்றிய சரக்கு அத்தனையும் இருந்தது. அதற்குள் சத்தம் கேட்டு வரதன் சார் வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டார்.

"ஒரே பேரை ரெண்டு தடவை ஏத்தி வெச்சிருக்கா. அவசரம்! எப்பப் பார்த்தாலும் அவசரம்! நிலம் குடுத்த வீட்டுப் பொண்ணுன்னு இங்க உட்கார வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். திங்கக்கிழமையிலருந்து நீ பேக்கிங்குக்குப் போயிடும்மா."

ஆபீசில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அவர் அறையில் போன் அடித்தது, போய்விட்டார்.  உன்னைப் பார்க்கவே பயமாக இருந்தது. நீ அழவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, திரையையே பார்த்தாய். உன் கால் ஆடாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இன்னாடி இது. இருக்கிற பேரயே புதுச் சரக்கா இன்னொரு தபா ஏத்த உடாதே இந்த சனியன். நான் எத்தினி தபா ட்ரை பண்ணிக் கீறேன், 'ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்'னு துப்பிடும். இப்ப ஏன் ஏத்திக்கிச்சு?"

"என்னட்டி சொல்லுத?"

"ரெண்டும் ஒண்ணு இல்லடி. அதுக்குத் தெரிது, நமக்குத் தெரில."

முதலில் லாரியை அனுப்பினாய். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தானே அச்சாகும் என்று, கீழே இருந்த பெயரை வைத்து இன்வாய்ஸ் போடச் சொன்னாய். பிரிண்டர் அடித்து நிற்பதற்குள் குமார் அதைக் கிழித்துக்கொண்டு ஓடினான். லாரி கேட்டைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. நான் அப்பாடா என்று சாய்ந்தேன். நீ சாயவில்லை. மேல் பெயருக்குள் கர்சரை வைத்து, அடித்ததன் கடைசிக்குத் தாவுகிற எண்ட் கீயை அடித்தாய். கர்சர் கடைசி எழுத்தை ஒட்டி நின்றது. கீழ்ப் பெயருக்குள் வைத்து எண்ட் அடித்தாய். ஒரு எழுத்து தள்ளி நின்றது. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. ஆனால் அங்கே ஒரு இடம் விழுந்திருந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ். நம் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, கம்ப்யூட்டருக்கு அது வேறு சரக்கு.

நான் இத்தோடு விட்டிருப்பேன். நீ காலையில் ஏற்றிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ட் அடித்துப் பார்த்தாய். சிலவற்றில் இடம் இருந்தது, சிலவற்றில் இல்லை. "நான் ஏன் கட்சீல ஸ்பேஸ் அடிக்கப் போறேன்?" என்று உன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னை உன் நாற்காலியில் உட்கார வைத்து அடிக்கச் சொன்னாய். எனக்கும் விழுந்தது. என் மேஜையில் அடித்துப் பார்த்தேன், விழவில்லை. அப்போதுதான் உன் கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்டினாய். சந்தனம் செதில் செதிலாகக் கொட்டியது, குங்குமத்தோடு. ஸ்பேஸ் கட்டைக்கு அடியில் இறங்கிக் காய்ந்து, கட்டையைப் பாதி அமுங்கியபடியே பிடித்து வைத்திருந்தது. வேகமாக அடிக்கிறவர்களின் கட்டைவிரல் அதன்மேல்தான் சும்மா படுத்துக் கிடக்கும். என்டர் தட்டும்போது அந்த விரலின் கனமே போதுமானதாக இருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, உடனே பயம் வந்தது. "விடுட்டி. ஸ்டோர்ல வேற கீபோர்டு வாங்கி மாத்திக்கிடுவோம். சந்தனத்தால வந்ததுன்னு சொன்னா அந்த மனுசன் ஆடித் தீர்த்துருவாரு."

"மாத்திட்டா? கீபோர்டு மாறிடும். தப்பு என் பேர்லயே நிக்கும்." எழுந்துவிட்டாய். "பேக்கிங்ல வேல செய்றது ஒண்ணும் கேவலம் இல்லடி. எங்க சித்தி பொண்ணு அங்கதான் கீது. ஆனா தப்பு பண்ணேன்னு அனுப்பினா நான் போவ மாட்டேன்."

வரதன் சாரை அழைத்து வந்தாய். நீ சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. "சாமிக்கு வெச்ச சந்தனத்து மேலயா பழி போடற? நல்லா இருக்கும்மா நியாயம்!"

"பழி போடல சார். நீங்களே ஒரு தபா அடிச்சிப் பாருங்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். எண்ட் அடித்தபோது கர்சர் எழுத்தை ஒட்டியே நின்றது. அவர் நிமிர்ந்து, "இப்ப இன்னா சொல்ற?" என்று உன்னைப் போலவே கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. நீ மட்டும் அசையவில்லை.

"எங்கள மாரி அடிங்க சார். கட்ட வெரல இதும்மேல போடுங்க. போட்டாச்சா? இப்ப என்டர் தட்டுங்க."

தட்டினார். நீ எண்ட் அடித்தாய். கர்சர் ஒரு எழுத்து தள்ளி நின்றது. அவர் மறுபடியும் தட்டிப் பார்த்தார், மறுபடியும் தள்ளி நின்றது. கொஞ்ச நேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, அந்தக் கட்டையில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பக்குவமாகத் துடைத்து, கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரி, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை நீ உன் நாற்காலியில்தான் இருந்தாய். அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே கீபோர்டுகளையெல்லாம் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சந்தனத் தட்டைத் தொட்டார். நாம் இருவரும் பிரிண்டர் அறைக்குள் போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அதற்குப் பிறகு எந்த செக்ஷனில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். யாராவது யாரையாவது திட்ட ஆரம்பித்தால், "திட்றதுக்கு முன்னாடி எண்ட் அடிச்சிப் பாரு" என்பாய். குமார்கூட லாரி டிரைவரிடம் அதைச் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. இதுவரை எழுதியதும் இதற்காகத்தான்.

நெடுஞ்சாலையை நாலு வழியாக்கிய பிறகு வண்டிகள் பறக்க ஆரம்பித்தன. காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிற வேன், சாயங்காலம் சாலைக்கு எதிர்ப்பக்கம்தான் நிற்கும். உள்ளே வந்து திரும்பிப் போவதென்றால் வெகுதூரம் சுற்ற வேண்டும், டீசல் வீணாகும் என்று அப்படி ஏற்பாடு. வேன் ஏறுகிறவர்கள் எல்லோரும் சாலை நடுத்தடுப்பில் கம்பி வளைந்து கிடந்த சந்தில் நுழைந்துதான் கடந்தோம். தினமும் நானும்தான் கடந்தேன். நான் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் நீ கடக்கப் போய், அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா அவ்ளோ அவசரம் அவளுக்கு? எல்லாரும் அதையே சொல்றாங்களே" என்று கேட்டார்.  ஆபீசிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிற்கத் தெரியாத பெண், ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டாள். வருத்தத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சம்பளப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டுமென்று வரதன் சார் என்னை உன் மேஜையில் உட்கார வைத்தார். மேஜைக் காலில் உன் செருப்பு உரசி உரசிப் பெயிண்ட் போயிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத் திரையைப் பார்த்தேன். காரணம் என்று ஒரு பெட்டி இருந்தது. அதை நிரப்பாமல் அந்த மென்பொருள் அடுத்த பெட்டிக்குப் போகவிடாது.

"கேர்லெஸ் கிராஸிங்னு போடும்மா" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது. "போனவளைக் குறை சொல்லல. ஆனா உண்மை அதுதானே. அவளுக்கு எப்பவுமே அவசரம்."

என் விரல் எழுத்துகளின் மேல் இருந்தது. அடிக்கவில்லை.

"சார், சாயங்காலம் வேன் நிக்கிற எடத்துக்கு நீங்க ஒரு தபா கடந்து பாருங்க. அதுக்குப் பொறவும் இதையே சொன்னியன்னா அடிக்கேன்."

தபா என்ற சொல் அதுவரைக்கும் என் வாயில் வந்ததில்லை. அவரும் அதைக் கவனித்தார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் கார் கேட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அந்தச் சாலையை அவர் நடந்து கடந்ததே கிடையாது.

ஆனால் சாயங்காலம் சாப்பாட்டுப் பையோடு கேட்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். இருவரும் சாலையோரத்தில் நின்றோம். கார் ஏற்றிய நீள லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பஸ்கள் போயின. இடைவெளியே இல்லை. அவர் பொறுமையாகத்தான் நின்றார், பொறுமைக்காரர்தானே. அந்தப் பக்கம் வேன் நின்றிருந்தது. டிரைவர் ஒரு ஹார்ன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று அடித்தான். பிறகு கையை எடுக்காமல் அடித்தான், அவன் தினமும் அடிக்கிற மாதிரியே. வண்டியையும் உருட்ட ஆரம்பித்தான். வரதன் சாரின் கால் சாலையில் இறங்கிவிட்டது.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். லாரி ஒன்று எங்கள் முகத்தில் மண்ணை வாரிவிட்டுப் போனது. அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். அன்றைக்குக் கட்டைவிரலைப் பார்த்தாரே, அதேபோல.

"நான் எறங்கலம்மா" என்றார். "அந்தச் சத்தத்துக்குக் கால் தானாப் போவுது."

"தினமும் இப்பிடித்தான் சார் அடிக்கான். எங்க எல்லாரையும்தான்."

 அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு கேட் பக்கம் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உன் நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். காரணப் பெட்டியில் 'கேர்லெஸ்' சுலபமாக அடங்கியிருக்கும். நடந்ததை எழுத அதில் இடம் போதாது. ஹார்ன், வேன், சந்து என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒற்றை விரலால், 'வேன் ஸ்டாப்டு ஆப்போசிட்' என்று ஆங்கிலத்தில் அடித்தார். அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எண்ட் அடிச்சுப் பாரும்மா. சரியா நிக்குதா?"

அடித்தேன். கர்சர் கடைசி எழுத்தை ஒட்டி நின்றது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து வேன் சுற்றிக்கொண்டு கேட்டுக்குள்ளேயே வந்து நின்றது. உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு அவசரம் இல்லம்மா, வேனுக்குத்தான் அவசரம் என்று. அவர் நான் சொன்னதை இரண்டு மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை. தப்பைக் கண்டுபிடித்து என்ன, நீ திரும்பி வரவா போகிறாய்? அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம் அது. உன்மேல்கூட இருக்கிறது, கொஞ்சம்.

இங்கே எனக்கு உட்கார முடிவதில்லை. ஒரு வரி எழுதினால் எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வருகிறேன். மேஜைக்கடியில் என் வலது கால் ஆடுகிறதாம், பக்கத்து மேஜைக்காரர் தன் மானிட்டர் ஆடுகிறது என்று புகார் சொல்கிறார். "கால் ஆடலன்னா கை ஓடாது சார்" என்றேன். யாராவது யாரையாவது அவசரக்குடுக்கை என்று திட்டினால், எழுந்து போய்த் திட்டு வாங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்து நானே அடித்துப் பார்க்கிறேன். இங்கே எல்லோருக்கும் என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்.

காலையில் நான் அதட்டிய அந்தப் பெண் இப்போது வந்து, சுண்டலைத் தொடவே இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனாள். இன்று சீக்கிரம் விடுகிறார்கள். இந்தக் கம்பெனி வேனும் சாலைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. சொல்லிக்கொண்டே இருக்கிறேன், பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார்கள்.

இதோ, வேன்காரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். ஒரு ஹார்ன். இன்னொன்று. அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடப் பார்க்கிறாள். இரு, நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நிற்கப் போகிறேன், அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவரைக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடிக்கட்டும்.